எட்டு மில்லிமீட்டர் கம்பியில் ரிங் வளைப்பது எப்படி: கைகளைப் பழக்குவதற்கான செய்முறை

தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம் பக்கங்களிலிருந்து பெங்களூருக்கும் ஓசூருக்கும் கட்டட வேலைக்குப் போகும் இளைஞர்களில் பலருக்கு முதல் வாரத்தில் கையில் கொடுக்கப்படும் வேலை ரிங் வளைப்பதுதான். காலம் என்கிற தூணுக்கும் பீம் என்கிற உத்தரத்துக்கும் உள்ளே நிற்கும் முதன்மைக் கம்பிகளைச் சுற்றிப் பிடிக்கும் அந்தச் செவ்வக வளையம் பார்ப்பதற்கு எளிது. ஆனால் புதியவர் வளைக்கும் முதல் ஐம்பது ரிங்குகளில் பாதி தரையில் வைத்தால் ஆடும். மீதி சாய்சதுரமாக நிற்கும். கையில் பலம் போதவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாக இழுப்பார். அதனால் கோணல் கூடுமே தவிரக் குறையாது.

உண்மையில் 8 மி.மீ. கம்பியை வளைக்கப் பெரிய பலம் எதுவும் வேண்டியதில்லை. கம்பியில் மாட்டி இழுத்து வளைக்கும் இரும்புப் பிடியைத்தான் சாவி என்கிறோம்; 45 செ.மீ. நீளமுள்ள சாவியின் நுனியைப் பிடித்தால் ஏறத்தாழ 10 முதல் 12 கிலோ வரையிலான இழுப்பே போதும். அது ஒரு குடம் தண்ணீரைத் தூக்கும் அளவுக்கு மேல் இல்லை. ரிங்கின் நேர்த்தியைத் தீர்மானிப்பது இழுக்கும் வலது கையும் அல்ல, கம்பியை அமர்த்திப் பிடிக்கும் இடது கைதான். இந்தச் செய்முறை முழுவதும் அந்த ஒன்றையே சுற்றி வரும். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் பலகையை எதிர்ப்பக்கமாக அமைத்துக்கொண்டு, நான் வலது என்று சொல்லும் இடத்தில் இடது என்று படித்துக்கொள்ளலாம்.

பலகையும் முளைகளும்

இரண்டு அங்குலக் கனமும் நான்கு அடி நீளமும் உள்ள உறுதியான மரப்பலகை ஒன்றை இடுப்பு உயரத்தில், ஆடாத தாங்கிகளின் மேல் அறைந்து நிறுத்துங்கள். நம் பக்கத்தில் பலர் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தே ரிங் வளைக்கிறார்கள். நானும் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன், அதனால் வந்த முதுகுவலி இன்னும் முழுதாகப் போகவில்லை. நின்று வளைக்கும்போது தோளும் இடுப்பும் சேர்ந்து இழுக்கும். உட்கார்ந்தால் மணிக்கட்டு மட்டுமே இழுக்கும். ஆகவே முதல் நாளிலிருந்தே நின்று பழகுங்கள்.

பலகையில் இரண்டு முளைகள் வேண்டும். ஒன்று நடு முளை. கம்பி இதைச் சுற்றித்தான் வளையும். இன்னொன்று தடுப்பு முளை. நடு முளைக்கு இடப்புறம் ஏறத்தாழ 10 செ.மீ. தள்ளி, கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கும். அதாவது நடு முளை கம்பிக்கும் உங்களுக்கும் இடையில் இருக்கும், தடுப்பு முளை கம்பிக்கு அப்பால் இருக்கும். நீங்கள் வலப்பக்கத்தை உங்களை நோக்கி இழுக்கும்போது கம்பியின் இடப்பக்கம் அப்பால் ஓடப் பார்க்கும். அதைத் தடுப்பு முளை பிடித்துக்கொள்ளும்.

நடு முளையின் கனத்தில் கவனம் வேண்டும். இன்று கடைகளில் பரவலாகக் கிடைக்கும் எஃப்.இ. 500டி ரகக் கம்பியை ஐ.எஸ். 1786 என்ற இந்தியத் தரநிலைப்படி சோதிக்கும்போது, அதன் விட்டத்தைப் போல் மூன்று மடங்கு விட்டமுள்ள உருளையைச் சுற்றி வளைத்து விரிசல் வருகிறதா என்று பார்க்கிறார்கள். 8 மி.மீ. கம்பிக்கு அது 24 மி.மீ. ஆகிறது. அதற்குக் குறைந்த கனத்தில் முளை வைத்தால் சோதனைக்கே உட்படுத்தாத அளவுக்குக் கம்பியை ஒடுக்குகிறோம் என்று பொருள். நான் 32 மி.மீ. கம்பித் துண்டையே முளையாக வைத்துக்கொள்கிறேன். கையில் கிடைத்த பத்து மி.மீ. துண்டை அறைந்து வேலையைத் தொடங்குவது பல இடங்களில் நடக்கிறது. அந்த மூலைகளின் வெளிப்புறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மயிரிழைக் கீறல்கள் தெரிவதை நானே பார்த்திருக்கிறேன்.

வெட்டும் நீளம்

எடுத்துக்காட்டாக 230 × 300 மி.மீ. பீம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு பக்கமும் கம்பிக்கு வெளியே கவர் என்கிற கான்கிரீட் உறைக்கு 25 மி.மீ. விட்டால் ரிங்கின் வெளி அளவு 180 × 250 மி.மீ. சுற்றளவு 860. கம்பியின் இரு நுனிகளையும் உள்ளே மடக்கிப் போடும் இரண்டு கொக்கிகளுக்கும் தலா 80 வீதம் 160 சேர்த்தால் 1,020. வளைவில் கம்பி மூலை வரை போகாமல் சுற்றித் திரும்புவதால், ஒவ்வொரு 90 பாகை வளைவுக்கும் கம்பி விட்டத்தைப் போல் இரு மடங்கும், ஒவ்வொரு 135 பாகை வளைவுக்கும் மூன்று மடங்கும் கழிப்பது வழக்கம். மூன்று மூலைகளுக்கு 48, இரண்டு கொக்கிகளுக்கு 48. மீதம் 924 மி.மீ.

இங்கே ஒரு சின்ன விஷயம் உண்டு. 12 மீட்டர் கம்பியை 924 வீதம் வெட்டினால் 12 துண்டுகள் கிடைக்கும். பதின்மூன்றாவது துண்டுக்கு வெறும் 12 மி.மீ. குறையும், கிட்டத்தட்ட முழு ரிங் அளவுள்ள துண்டு வீணாகக் கிடக்கும். 923 வீதம் வெட்டினால் 13 துண்டுகள் வரும். கொக்கியில் ஒரு மில்லிமீட்டர் குறைவதால் கேடில்லை, நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான ஐ.எஸ். 13920 தரநிலையின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு கொக்கியின் நீட்சி 65 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது என்றுதான் சொல்கிறது. ஆனால் இதைச் சாக்காக வைத்துக் கொக்கியை விரல் நீளத்துக்கு வெட்டிக் குறைப்பவர்களோடு நான் ஒருபோதும் உடன்பட மாட்டேன். எத்தனை துண்டானாலும் முதலில் ஒன்றே ஒன்றை வெட்டி, வளைத்து, அளந்து பார்த்த பிறகே மற்றவற்றை வெட்டுங்கள்.

இடது கை

கம்பியைப் பலகையில் வைத்ததும் இடது உள்ளங்கையை அதன் மேல் கவிழ்த்து அழுத்துங்கள். நடு முளையிலிருந்து உங்கள் கை குறைந்தது ஒரு சாண் தூரத்தில் இருக்க வேண்டும். நான்கு விரல்களும் கம்பிக்கு அப்பால் படுத்திருக்கட்டும், கட்டைவிரல் உங்கள் பக்கமாகக் கம்பியை ஒட்டியபடி இருக்கட்டும். கட்டைவிரலைக் கம்பிக்கு அடியில் நுழைத்துச் சுற்றிப் பிடிக்காதீர்கள். அடியில் விரல் இருந்தால் கம்பி பலகையை விட்டு எழும்பி நிற்கும், எழும்பிய கம்பி வளையும்போது முறுக்கிக்கொள்ளும், முறுக்கிய ரிங் தரையில் ஆடும். ஆடுகிற ரிங்குகளுக்கெல்லாம் பெரும்பாலும் காரணம் இது ஒன்றுதான்.

இடது கைக்கு இரண்டு வேலைகள் மட்டுமே: கம்பியை அடையாளம் வரை நகர்த்துவது, நகர்த்திய இடத்தில் பலகையோடு படிய அழுத்துவது. வலது கை இழுக்கத் தொடங்கும்போது புதியவரின் இடது கை தன்னையறியாமல் தளர்ந்துவிடும், ஏனென்றால் மனம் முழுவதும் சாவியில் இருக்கும். எனக்குத் தொழில் சொல்லித்தந்த மேஸ்திரி அண்ணன் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். என் இடது புறங்கையின் மேல் ஒரு சாக்பீஸ் துண்டை வைத்து, "தம்பி, இது உருண்டு விழாம பத்து ரிங் போடு, அப்புறம் பேசலாம்" என்றார். முதல் நாள் மூன்றைத் தாண்டவில்லை. நான்காம் நாள் மாலையில் பத்தும் விழாமல் முடிந்தபோது, அந்தப் பத்து ரிங்குகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். நான்கு மூலைகளும் ஒரே கோட்டில் நின்றன. இந்தப் பயிற்சியை நீங்களும் அப்படியே செய்து பாருங்கள்.

வலது கையும் சாவியும்

சாவியின் வாயைக் கம்பியில் மாட்டும்போது நடு முளைக்கும் சாவிக்கும் இடையே ஒரு விரற்கனம் இடைவெளி இருக்கட்டும். முளையோடு ஒட்டி மாட்டினால் கம்பி முளையைச் சுற்றாமல் ஒடுங்கி மடியும். தள்ளி மாட்டினால் மூலை கூர்மையாக வராது, பக்கமே வில்லாக வளைந்துவிடும்.

சாவியை நுனியில், ஐந்து விரல்களும் சுற்றி வர முழுப்பிடியாகப் பிடியுங்கள். மணிக்கட்டு முன்னங்கையோடு ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். வலது கால் அரையடி பின்னால், முழங்கால்கள் சற்றே தளர்வாக இருக்கட்டும். இனி இழுப்பு. முதல் பத்துப் பதினைந்து பாகை வரை மெதுவாகத்தான் இழுக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் கம்பி ஸ்பிரிங் போலத் திமிறும்; பிறகு ஓரிடத்தில் சட்டென்று இளகும். அந்த இளக்கத்தைக் கை உணர வேண்டும். அது தெரிந்தபின் நிறுத்தாமல், உதறாமல், இடுப்பைத் திருப்பியபடி ஒரே இழுப்பாக முடியுங்கள். நடுவில் நிறுத்தி மறுபடி இழுத்தால் வளைவில் இரண்டு முறிவுகள் விழுந்து மூலை மொட்டையாகும்.

சாவியை விட்டதும் கம்பி சில பாகைகள் பின்வாங்கும். ஆகவே 90 வேண்டுமானால் அதைச் சற்றுத் தாண்டி இழுக்க வேண்டும். எவ்வளவு தாண்டுவது என்பது கம்பிக்குக் கம்பி மாறும்; புதிய லோடு இறங்கிய ஒவ்வொரு முறையும் முதல் துண்டில் மூலைமட்டம் வைத்துப் பார்த்து, சாவி எங்கே நிற்க வேண்டுமோ அங்கே பலகையில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். 135 பாகைக்குத் தனியாக இன்னொரு கோடு வேண்டும்.

ஐந்து வளைவுகள்

முதலில் கொக்கி. கம்பியின் நுனியை நடு முளைக்கு வலப்பக்கம் 80 மி.மீ. நீட்டி வைத்து 135 பாகைக்கு வளையுங்கள். அடுத்து அந்தக் கொக்கியின் வெளி விளிம்பு முளையிலிருந்து 250 மி.மீ. அடையாளத்துக்கு வரும்வரை கம்பியை வலப்பக்கமாக நகர்த்தி 90 பாகை. பிறகு 180-இல் ஒன்று. மீண்டும் 250-இல் ஒன்று. அளவுகளை ஒவ்வொரு கம்பியிலும் சாக்பீஸால் குறிக்க வேண்டாம்; பலகையிலேயே குறித்து, முதல் ரிங் சரியாக வந்தபின் அந்தக் கோடுகளை ரம்பத்தால் மெல்லக் கீறி நிலைப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது வளைவுதான் கடினம். இப்போது இடப்பக்கம் மிஞ்சியிருக்கும் வால் தடுப்பு முளையை எட்டாத அளவுக்குக் குட்டையாக இருக்கும். புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவது போல ரிங்கை இடம் வலமாகப் புரட்டிப் போடுங்கள். உருவான பகுதி இடப்பக்கம் வந்துவிடும், வால் வலப்பக்கம் நீட்டி நிற்கும், நடு முளை ரிங்கின் உள்ளே இருக்கும். முதல் கொக்கியுள்ள கால் இந்த இடத்தில் குறுக்கே வந்து நிற்கும். அதை ஒரு கம்பிக்கனம் மட்டும் மேலே தூக்கிவிட்டு, வாலில் சாவியை மாட்டி 135-க்கு இழுங்கள். இரண்டு கால்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கும், இரண்டு கொக்கிகளும் ரிங்கின் உள்ளே மூலைவிட்டமாக நுழைந்து நிற்கும்.

வால் குட்டையாக இருப்பதால் பலர் இந்தக் கடைசிக் கொக்கியை 90-உடன் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நிலநடுக்கத்தின்போது முதலில் உதிர்வது கம்பிக்கு வெளியே உள்ள கவர் கான்கிரீட். 90 பாகைக் கொக்கி அந்தக் கவருக்குள்தான் படுத்திருக்கும். அது உதிர்ந்ததும் கொக்கி திறந்துகொள்ளும், ரிங் விரியும், உள்ளே இருக்கும் பெரிய கம்பிகள் புடைத்து வெளியேறும். 135 பாகைக் கொக்கி நடுக்கான்கிரீட்டுக்குள் புதைந்திருப்பதால் பிடியை விடாது. அந்தக் கூடுதல் 45 பாகை ஒரு நொடி வேலை. ஒரு வீட்டுக்குள் மனிதர்கள் வாழப் போகிறார்கள் என்ற நினைவோடு அந்த ஒரு நொடியைச் செலவிடுங்கள்.

சரிபார்ப்பும் பிழைகளும்

ரிங்கைச் சமமான தரையில் வையுங்கள். கொக்கிகள் சேரும் மூலையில் மட்டும் ஒரு கம்பிக்கனம் தூக்கலாக இருப்பது இயல்பு. மற்ற மூன்று மூலைகளும் தரையைத் தொட வேண்டும். பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் ரிங் செவ்வகம், ஐந்து மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் சாய்சதுரம். கோணம் சற்றுக் குறைந்த மூலையை இன்னும் கொஞ்சம் வளைத்துச் சரிசெய்யலாம். கூடிப்போன மூலையைப் பின்னுக்கு விரித்து மறுபடி வளைக்கக் கூடாது. ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைந்த கம்பி அங்கே பலமிழக்கும். அதேபோல நெருப்பில் காட்டி வளைப்பதும் கூடாது. நாம் வளைக்கும் இந்த டி.எம்.டி. கம்பியின் வலிமையில் பெரும்பங்கு ஆலையில் நீர் பீய்ச்சிக் குளிர்வித்த அதன் வெளித்தோலில் இருக்கிறது. சூடேற்றினால் அந்தத் தோல் கெட்டுவிடும்.

கைகளின் பாதுகாப்பு

மாசி பிறந்துவிட்டாலே நம் ஊரில் பத்து மணிக்கு மேல் வெயிலில் கிடக்கும் கம்பியைத் தொட முடியாது. துண்டுகளை நிழலில் அடுக்குங்கள், கையுறை அணியுங்கள். ஆனால் தொளதொளப்பான துணிக் கையுறை வேண்டாம், அது சாவிக்கும் கம்பிக்கும் இடையில் சிக்கும். கையோடு ஒட்டிய தோல் கையுறையே நல்லது. வெட்டும்போது கண்ணாடி கட்டாயம். பழகத் தொடங்கிய ஆண்டில் இழுப்பின் நடுவே சாவி நழுவி, திமிறி வந்த கம்பி நுனி என் வலது புருவத்தைக் கிழித்தது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். வேலையை வாங்கியிருந்தவர் அன்றைய அரைக் கூலியைப் பிடித்துக்கொண்டார், கண்ணாடி வாங்கித் தரவில்லை. உங்கள் கண்ணாடியை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் இருபது ரிங்குகள் போதும். மூன்று மீட்டர் பீமுக்கு 150 மி.மீ. இடைவெளியில் தேவைப்படுவதே 21 ரிங்குகள்தான், எனவே அதையே ஒரு நாளின் இலக்காக வைத்துக்கொள்ளலாம். இரவில் விரல்கள் மரத்துப்போனாலோ மணிக்கட்டில் சுருக்கென்று குத்தினாலோ மறுநாள் கட்டாயம் ஓய்வு கொடுங்கள். தசை சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண்களுக்கு அதைவிட அதிக காலம் வேண்டும். 8 மி.மீட்டரில் கை நன்றாகப் படிந்தபின் 10 மி.மீட்டருக்குப் போங்கள். கனம் இரண்டு மி.மீ. கூடினாலும் இழுப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். அதற்கு நீளமான சாவியும் 40 மி.மீ. முளையும் தேவைப்படும்.

வளைத்து முடித்தவற்றைப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டி வையுங்கள். சரியாக வந்த முதல் ரிங்கை மட்டும் எந்தக் கட்டிலும் சேர்க்காமல் பலகையின் ஓரத்து ஆணியில் மாட்டி, ஒவ்வொரு கட்டின் கடைசி ரிங்கையும் அதன்மேல் வைத்து ஒப்பிட்டபின் கட்டை முடிச்சுப் போடுங்கள்.