சிறிய பாடசாலையின் பாராட்டு விழா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தின் தீவகத்திலோ வலிகாமத்தின் உட்கிராமமொன்றிலோ நூறு பிள்ளைகள்கூட இல்லாத ஒரு பாடசாலையில் பரிசளிப்பு விழா நடக்கும்போது, மண்டபத்தில் இருக்கின்ற எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். எந்தப் பிள்ளை தம்பியையும் வெளிக்கிடுத்திக் கூட்டிக்கொண்டு வருகிறாள், எந்த ஆசிரியர் பஸ்ஸைத் தவறவிட்டும் பின்னேர வகுப்பை முடித்துவிட்டுத்தான் போனார், எவர் பழைய மாணவர் சங்கத்தில் பெயருக்கு மட்டும் இருக்கிறார் என்பதெல்லாம் ஊரறிந்த விடயங்கள். பெரிய கல்லூரியில் ஒருவரும் கவனியாமல் போகக்கூடிய பொய்ப் புகழ்ச்சியும் விடுபட்ட பெயரும் இங்கே அந்த நிமிடத்திலேயே பிடிபட்டுவிடும். பிறகு நெடுங்காலம் பேசப்படும். இந்தத் தவறுகளை நல்லெண்ணத்தோடுதான் செய்கிறோம். விழாக் குழுக்களில் இருந்த காலத்தில் இவற்றுள் சிலவற்றை நானும் செய்திருக்கிறேன்.

முதலாவது தவறு, நகரத்துக் கல்லூரிகளின் நிகழ்ச்சி நிரலை அப்படியே பிரதிபண்ணுவது. 1816இல் தொடங்கிய யாழ். மத்திய கல்லூரிக்கும் 1823இல் தொடங்கிய பரி. யோவான் கல்லூரிக்கும் அவ்வளவு நீண்ட வரலாறும் அவ்வளவு பழைய மாணவர்களும் இருக்கிறார்கள். அங்கே நீண்ட நிரலுக்கு ஒரு நியாயம் உண்டு. பதினொரு ஆசிரியர்களைக் கொண்ட பாடசாலை அதே அளவுச் சட்டையைப் போட்டுக்கொண்டால், பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்று மேடையில் இருப்பவர்களின் தொகை பரிசு பெறுகின்ற பிள்ளைகளின் தொகையை எட்டிவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் மாலை, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, ஒவ்வொருவருக்கும் உரை. இரண்டு மணிக்கு வரச்சொல்லப்பட்ட பிள்ளைகள் பாண்ட் வாத்திய உடையோடு வாசலில் வெயிலுக்குள் நிற்க, விருந்தினரின் வாகனம் மூன்றரைக்கு வருகிறது. சென்ற ஆண்டின் நிகழ்ச்சி நிரலை எடுத்து, பிள்ளைகளின் பெயர் வாசிக்கப்பட்ட நேரத்தையும் விருந்தினர் பேசிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், அது யாருக்காக நடந்த விழா என்பது விளங்கும். ஒரு விருந்தினர் போதும். அவரும் பிள்ளைகளின் பெயர்களை முன்கூட்டியே வாசித்துப் பார்த்துவிட்டு வருபவராக இருந்தால் நல்லது.

அடுத்தது தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. இரண்டு வினாத்தாள்களுக்கும் சேர்த்து மொத்தம் 200 புள்ளிகள். சித்தியடைய எடுக்கவேண்டிய குறைந்த புள்ளியான வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டமும் மொழிமூலத்துக்கு ஏற்பவும் வேறுபடும். குறைந்த வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு உதவிப்பணம் கொடுப்பதும், வசதி கூடிய பாடசாலையில் தரம் 6இற்கு இடம் பெற வழி செய்வதுமே அதன் நோக்கங்கள். அதாவது, சித்தியடைகின்ற பிள்ளை பெரும்பாலும் அந்தச் சிறிய பாடசாலையை விட்டுப் போகப்போகிற பிள்ளை. நாங்கள் வாசலில் ஆளுயரப் பதாகை கட்டி, படத்துக்கு மாலை போட்டு, வீதியால் ஊர்வலமாகக் கூட்டிச்சென்று கொண்டாடுவது, உண்மையில் எங்களைவிட்டுப் போகின்ற ஒருவரைத்தான். அதில் பிழையில்லை, அந்தப் பிள்ளை உழைத்திருக்கிறது. ஆனால் அதே வகுப்பில் இருந்து, இரண்டு மூன்று புள்ளிகளால் வெட்டுப்புள்ளியைத் தவறவிட்டு, அடுத்த ஆண்டும் அதே வாசலால் அதே பதாகையைப் பார்த்துக்கொண்டு உள்ளே வரப்போகிற பிள்ளைகளுக்கு நாங்கள் என்ன சொல்லிவிட்டோம் என்பதைப் பத்து வயதுப் பிள்ளையின் உயரத்தில் நின்று யோசிக்கவேண்டும். மழையில் நிறம் மங்கும்வரை பதாகையைக் கழற்றாமல் விடுவது இன்னும் மோசம். பெறுபேறு வந்த கிழமையிலேயே காலைப் பிரார்த்தனையில், தோற்றிய பிள்ளைகள் எல்லாரையும் முன்னால் அழைத்து, ஒவ்வொருவரும் அந்த ஆண்டில் எதில் முன்னேறினார் என்பதை வகுப்பாசிரியரே தன் வாயால் சொல்வதற்குப் பத்து நிமிடமும் ஒலிவாங்கியும் போதும். புள்ளிகளை வாசிக்கத் தேவையில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் இருக்கிறது. ஒருவர் மனமும் நோகக்கூடாது என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கோப்பையை, ஒரே வாசகத்தோடு கொடுத்து அனுப்புவது. பிள்ளைகள் ஏமாறுவதில்லை, வீட்டுக்குப் போகும் வழியிலேயே அதை மறந்துவிடுகிறார்கள். தமிழ்மொழித் தினப் போட்டியில் கல்விக் கோட்ட மட்டத்தைத் தாண்டி, அதற்கு மேலான கல்வி வலயம்வரை போனவரையும், ஓராண்டு முழுவதும் பாடசாலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவரையும் பாராட்டலாம். ஆனால் இருவரையும் அவரவர் செய்ததைச் சொல்லித்தான் பாராட்டவேண்டும். ஒரே மாணவி ஒன்பது தடவை மேடை ஏறி இறங்குவதையும் சபை இரசிப்பதில்லை. அவருடைய பரிசுகளைச் சேர்த்து ஒரே தடவையில் கொடுத்துவிடலாம்.

ஞாபகார்த்தப் பரிசுகள் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளுக்கு ஒரு பலம். ஆயினும் பல இடங்களில், அமரரின் பட்டம், பதவி, பிறந்த ஊர், நிதியை வழங்கிய பிள்ளைகள் வாழும் நாடுகள் என்று வாசித்து முடிய, பரிசு பெறும் பிள்ளையின் பெயர் கைதட்டலுக்குள் அமிழ்ந்துபோகிறது. பிள்ளையின் பெயரை முதலில் வாசிக்கவேண்டும். இன்னொன்று பணம்: இருபது ஆண்டுகளுக்கு முன்னர் பத்தாயிரம் ரூபாவை நிலையான வைப்பில் இட்டவருக்கு அது நல்ல தொகையாக இருந்தது. 2022 நெருக்கடியில் சில மாதங்களுக்குள் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியது. பொருட்களின் விலையும் அதோடு ஏறியது. அந்த வைப்பின் வட்டிக்கு இன்று ஒழுங்கான அகராதி ஒன்று வாங்க முடியாது. குடும்பத்தாருக்கு எழுதி நிலைமையைச் சொல்வதற்குச் சங்கங்கள் கூச்சப்படுகின்றன. அதனால் பிள்ளைகளுக்கு மெல்லிய அப்பியாசக் கொப்பிதான் கிடைக்கிறது. கேட்டால் பெரும்பாலானோர் கொடுப்பார்கள்.

பரிசையும் உதவியையும் ஒரே மேடையில் கலப்பதை நான் பெருந்தவறு என்றே கருதுகிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த புத்தகப்பைகளையும் சப்பாத்துகளையும் பரிசளிப்பு விழாவில் வைத்து, “தந்தையை இழந்த பிள்ளைகள்” என்று அறிவித்து, நன்கொடையாளரோடு நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போடுகிறார்கள். கணிதத்தில் முதலாமிடம் பெற்ற பிள்ளையே அந்த வரிசையிலும் நிற்கநேர்ந்தால், ஊரின் நினைவில் எஞ்சுவது எந்தப் படம்? உதவியை அலுவலகத்தில், பெற்றாரிடம், கமரா இல்லாமல் கொடுங்கள். கணக்கறிக்கையும் பற்றுச்சீட்டும் நன்கொடையாளருக்குப் போதுமான சான்று.

ஆசிரியர்களைப் பொறுத்தவரை, இலங்கையில் ஒக்ரோபர் 6 ஆசிரியர் தினம். அதற்காக வகுப்பில் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் சேர்ப்பதை நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். கொண்டுவர முடியாத பிள்ளை அன்று காய்ச்சல் என்று வீட்டில் நின்றுவிடுகிறது. மீதிப் பாதி, அறுபது வயதில் ஓய்வு பெறும்வரை காத்திருந்து சேவை நலன் பாராட்டு விழா எடுத்து, மலர் வெளியிட்டு, அதுவரை ஒரு நல்ல வார்த்தையும் சொல்லாமல் இருப்பது. இடமாற்றத்தில் போகிறவருக்கு அந்த மலர்கூட இல்லை.

தொண்டர்களின் விடயம் வேறு. சம்பளமின்றியோ, பழைய மாணவர் சங்கம் கொடுக்கின்ற சிறுதொகைக்கோ ஆண்டுக்கணக்காகக் கற்பித்த தொண்டர் ஆசிரியர்கள் வடக்கின் பல சிறிய பாடசாலைகளை மூடவிடாமல் வைத்திருந்தவர்கள். அவர்களுக்கு நாங்கள் பொன்னாடை போர்த்தினோம். நிரந்தர நியமனத்துக்கான நேர்முகத் தேர்வுகளில் கேட்கப்பட்டதோ சேவைக்கான எழுத்துச் சான்று: வரவுப் பதிவில் கையொப்பம், பாடசாலை நிகழ்வுகளைப் பதிகின்ற சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் குறிப்பு. பல ஆண்டுகள் படிப்பித்த ஒருவரின் பெயர் அப்புத்தகத்தில் ஒரு தடவைதானும் எழுதப்படாமல் இருந்ததை நான் அறிவேன். அவர் பெற்ற பொன்னாடைகள் மட்டும் அலுமாரியில் மடித்தபடி இருந்தன. ஆகவே எந்தத் தொண்டருக்கும், தொடங்கிய திகதி, கற்பித்த பாடம், தரம், வாரத்துக்கு எத்தனை பாடவேளை என்பவற்றைக் குறிப்பிட்டு, அதிபரின் கையொப்பத்தோடும் இறப்பர் முத்திரையோடும் ஆண்டு முடிவில் ஒரு கடிதம் கொடுக்கவேண்டும். அதை மேடையிலேயே வாசிக்கலாம். மதிய உணவு சமைக்கின்ற தாய்மாரை “ஏனையோருக்கும் நன்றி” என்ற சொற்களுக்குள் அடக்கிவிடுவதும் வழக்கமாகிவிட்டது. நன்றியுரை நேரத்தில் சபையில் பாதிப்பேர் எழுந்துவிடுவார்கள். அந்தத் தாய்மாருடைய பெயர்களை நன்றியுரைக்குள் வைக்காமல் அதிபர் அறிக்கைக்குள் கொண்டுவந்தால் எல்லாரும் கேட்பார்கள். காவலாளியையும் சுத்திகரிப்புப் பணியாளரையும் விழாவன்று கதிரை அடுக்க வைக்காமல், அதில் ஒன்றில் அமரச்செய்யவேண்டும்.

கடைசியாக, பெயர்ப்பட்டியல். சான்றிதழ் அச்சுக்குப் போவதற்கு முன்னர் அது மூன்று நாட்களாவது அறிவித்தற் பலகையில் தொங்கட்டும். முதலெழுத்துகளைப் பிள்ளைகளே பென்சிலால் திருத்தட்டும். சில பிள்ளைகள் தாயின் முதலெழுத்தைப் பாவிப்பார்கள். ஏன் என்று மண்டபத்தில் வைத்துக் கேட்கக்கூடாது.