இரக்கம் தீவில் ஒருநாள்: வலசைப் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

பழவேற்காடு ஏரி என்றாலே எல்லோரும் பொங்கல் சமயத்தில் பூநாரை பார்க்கத்தான் கிளம்புகிறார்கள். போகட்டும். வலசை வந்து இறங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த ஏரிக்குள் இருக்கிற இரக்கம் தீவுக்குப் புரட்டாசியிலேயே போய்விடுங்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஏரி நிரம்பிவிடும், அப்புறம் சேற்றில் இரை தேடுகிற சிறு கரைப்பறவைகளான குட்டைக்கால் உள்ளான்களுக்கு நின்று மேய இடமிருக்காது.

சென்னையிலிருந்து சூலூர்பேட்டை போகிற லோக்கல் ரயிலில் ஆரம்பாக்கத்திலோ தடாவிலோ இறங்கி, ஆட்டோ பிடித்து பீமுலவாரிபாளையம் படகுத்துறைக்குப் போங்கள். தீவு ஆந்திராவில் இருந்தாலும் அங்கே தமிழிலேயே பேசலாம். திரும்பும் நேரத்தைப் படகில் ஏறும்போதே பேசி வைத்துவிட்டு, "அண்ணே, உள்ளான் எந்தப் பக்கம் மேயுது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தினமும் வலை போடுகிறவருக்குத் தெரியாததா!

காலையில் மேற்குக் கரை, மதியத்துக்கு மேல் கிழக்குக் கரை. வெயில் முதுகில் விழ வேண்டும், இல்லையென்றால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். 8க்கு 42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) போதும், முக்காலியில் வைத்துப் பார்க்கிற தொலைநோக்கியான ஸ்கோப் இருந்தால் நல்லது.

புதிதாகப் பார்க்கிறவர்கள் நிறத்தை நம்பி ஏமாறுவார்கள். இந்தப் பருவத்தில் பாதி இறகு உதிர்ந்து பாதி முளைத்திருக்கும், புத்தகத்தில் இருக்கிற படத்தோடு ஒத்தே போகாது. அதனால் முதலில் நடையைப் பாருங்கள். நாலடி ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்து கொத்தி, மறுபடி ஓடினால் உப்புக்கொத்தி. அது கண்ணால் இரை தேடுகிற ஆள். தலையைத் தூக்காமல் சேற்றைக் குத்திக்கொண்டே போனால் உள்ளான் வகை, அலகு நுனியாலேயே புழுவைத் தடவிக் கண்டுபிடித்துவிடும். நுனி கீழ்நோக்கி வளைந்த வளைமூக்கு உள்ளான் கிடைத்தால் அதோடு கொஞ்ச நேரம் உட்காருங்கள். வயிற்றில் செங்கல் நிறத் திட்டுகள் மிச்சமிருந்தால் வளர்ந்த பறவை. முதுகில் மீன் செதில் போல வெள்ளை விளிம்பும் மார்பில் லேசான மஞ்சள் பூச்சும் இருந்தால், இந்த வருடம் சைபீரியாவின் வடகோடியில் பொரித்த குஞ்சு. தாய், தகப்பன் முன்பே கிளம்பிவிடும், இது பின்னால் தானாகவே வழி தேடி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது!

காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வளையமோ கொடியோ தெரிந்தால் நிறம், எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா என்று குறித்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுங்கள்.

பறவைகள் மேய்வதை நிறுத்தித் தலை தூக்கினால் அதற்கு மேல் ஓர் அடி வைக்காதீர்கள். படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ட்ரோன் வேண்டவே வேண்டாம், எதிரே ஸ்ரீஹரிகோட்டா. சேற்றில் மீனவர்கள் நடக்கும் தடத்திலேயே நடங்கள். சாப்பாடும் தண்ணீரும் கையோடு கொண்டுபோய்விடுங்கள், கரையில் நிழல் குறைவு.