எந்த மரத்தை எந்த உயரத்தில் நடுவது? வெப்பம் ஏறும் மலையகத்தில் உள்நாட்டு மரங்களுக்கு இடம் தேர்தல்

இலங்கையின் மலையகத்தில் உள்நாட்டு மரக்கன்றுகளை நட முன்வருவோர் பெரும்பாலும் பழைய உயர அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்குகிறார்கள். ஏறக்குறைய 1,000 மீற்றருக்குக் கீழே தாழ்நில மழைக்காட்டு மரங்கள், 1,000 முதல் 1,500 மீற்றர் வரை இடைமலைக் காட்டு மரங்கள், அதற்கு மேலே மலைக்காட்டு மரங்கள் என்பது அந்த அட்டவணை. அது தவறானதன்று, ஆனால் அது குளிர்ந்திருந்த ஒரு காலத்தின் மலையைப் பார்த்து எழுதப்பட்டது. இன்று நடும் நாகமரமோ கீனாவோ முழு வளர்ச்சி பெறப் பல பத்தாண்டுகள் செல்லும். நாற்றாக இருக்கையில் இன்றைய குளிரையும், முதிர்ந்து காய்க்கும்போது அன்றைய வெப்பத்தையும் அதே மரம் தாங்கியாக வேண்டும் என்பதால், இடம் தேர்வதில் கொஞ்சம் முன்கணக்கு தேவைப்படுகிறது.

உயரக் கணக்கு

கணக்கு எளிமையானது. நமது மலைகளில் 100 மீற்றர் ஏறினால் சராசரி வெப்பநிலை சுமார் 0.6 பாகை செல்சியஸ் குறைகிறது. கடல் மட்டத்திலுள்ள கொழும்பில் ஏறக்குறைய 27 பாகையாக இருக்கும் ஆண்டுச் சராசரி, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 16 பாகை அளவில் நிற்பதற்கு இதுவே காரணம். இதைத் திருப்பிப் போட்டால், காலநிலை ஒரு பாகை சூடேறும்போது ஒரு மரத்துக்குப் பழகிய வெப்பநிலை ஏறக்குறைய 170 மீற்றர் மேலே போய்விடுகிறது. பூமியின் மேற்பரப்பு வெப்பநிலை, 2011 முதல் 2020 வரையான பத்தாண்டில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இருந்ததைவிட 1.1 பாகை கூடுதலாக இருந்தது.

வெப்பநிலை ஏறிய வேகத்தில் மரங்கள் ஏறிவிடுவதில்லை. பெரு நாட்டின் அந்தீஸ் மலைச்சரிவுகளில் நிலையான அளவீட்டுத் துண்டுகளில் மரங்களை எண்ணியவர்கள், மரப் பேரினங்கள் ஆண்டுக்குச் சராசரியாக 2.5 முதல் 3.5 மீற்றர் வரை மேல்நோக்கி நகர்ந்திருப்பதையும், அங்கு ஏறிய வெப்பத்துக்கு அந்த வேகம் போதாமையையும் கண்டார்கள். நம்மிடத்தில் நிலைமை இன்னும் கடினமானது. ஏனெனில் கோப்பிக்கும் தேயிலைக்குமாக 19ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட நடுத்தர உயரக் காடுகளின் இடத்தில் இன்று தேயிலை மலைகள் நிற்கின்றன. கீழ்க்காட்டின் விதை மேல்காட்டை அடைய வேண்டுமானால் புறாவோ குக்குறுவானோ வௌவாலோ அந்தத் தேயிலையைத் தாண்டிச் சுமந்து செல்ல வேண்டும். தோட்டத்தின் ஓடைக்கரையிலும் கைவிடப்பட்ட மலையிலும் நாம் நடும் மரங்கள் இந்த இடைவெளியில் படிக்கட்டாக அமையும் என்பதே இந்த வேலையின் முதற்பயன்.

உயரத்தைவிடப் பெரியது ஈரம்

கையில் உயரமானியை மட்டும் வைத்துக்கொண்டு மரம் தேர்பவர் ஏமாந்துபோவார். மேற்குச் சரிவிலுள்ள ஹட்டனும் கிழக்கே ஊவாவிலுள்ள பண்டாரவளையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில், 1,250 மீற்றரை ஒட்டி அமைந்தவை. இருந்தும் ஒன்றில் செழிக்கும் மரம் மற்றதில் முதல் கோடையிலேயே காய்ந்துவிடலாம். மேற்குச் சரிவுகள் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் நனைகின்றன. அவற்றின் வறண்ட காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஊவாப் பக்கம் வடகீழ்ப் பருவமழையையும் ஒக்டோபர், நவம்பர் மழையையும் நம்பியிருக்கிறது. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மலையைத் தாண்டி இறங்கும் கச்சான் காற்று அங்கே மண்ணையும் இலையையும் உலர்த்திவிடும். சூடேறிய காற்று இலையிலிருந்து கூடுதலான நீரை இழுக்கும் என்பதால், மழையின் மொத்த அளவு மாறாவிட்டாலும் வறண்ட மாதங்கள் மரத்துக்கு முன்னையைவிடக் கடுமையாகின்றன. நடும் இடத்தை அதன் வறண்ட மாதத்தை வைத்தே எடைபோட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆகவே இடம் பார்க்கப் போவதற்கு உகந்த காலம் மழைக்காலமன்று. மேற்கில் மார்ச் தொடக்கத்திலும் ஊவாவில் ஓகஸ்டிலும் போய், ஒரு முழ ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி, அடியிலுள்ள மண்ணை உள்ளங்கையில் வைத்து இறுகப் பிடித்துப் பாருங்கள். விரித்த பிறகும் உருண்டை உடையாமல் நின்று, கையில் குளிர்ச்சி தங்கினால் அங்கே ஈரம் நாடும் மரங்களை நடலாம். பொடியாக உதிர்ந்தால் நடக் கூடாது. அருகிலுள்ள பழைய மரங்களையும் பாருங்கள். தண்டில் நாலாபுறமும் பச்சைப்பாசியும் பன்னமும் ஒட்டியிருக்கும் இடத்தில் மூடுபனி அடிக்கடி தங்குகிறது. பாசி ஒரு பக்கம் மட்டும் இருந்தால் மறுபக்கம் காற்று உலர்த்துகிறது. பாசி இருந்து இப்போது பழுப்பேறி உதிர்ந்துகொண்டிருந்தால், அந்த இடம் மாறிவருகிறதா என்று சந்தேகிக்கக் காரணமுண்டு. இவ்வளவையும் பார்க்க ஒரு மண்வெட்டியும் அரை நாளும் போதும்.

மேற்குப் பக்கத்தில் 1,000 மீற்றரை ஒட்டிய ஓடைக்கரைகளிலும் பள்ளங்களிலும் தாழ்நில ஈரவலயத்தைச் சேர்ந்த நாகமரம், கித்துள், கொறக்காய் ஆகியவற்றைச் சிறிய அளவில் முயன்று பார்க்கலாம். ஊவாவில் இந்த வழி உதவாது. நில்கலைப் பக்கத்துத் திறந்த காடுகளில் தீயையும் வறட்சியையும் தாங்கி நிற்கும் நெல்லி, கடுக்காய், தான்றி ஆகியவையே அங்கே பதுளைக்கு மேலான காய்ந்த சரிவுகளுக்கு நம்பிக்கையான தெரிவு. நீர் ஓடும் இடமானால் மருது. மானாப்புல்லில் ஆண்டுதோறும் தீப்பிடிக்கும் சரிவில் மழைக்காட்டுக் கன்றை நடுவது கன்றை வீணாக்குவதாகும்.

விதை எங்கிருந்து?

ஒரே இனத்திலும் கீழே வளர்ந்த தாய்மரத்தின் கன்றுகள் வெப்பத்துக்கு ஓரளவு பழகியிருக்க வாய்ப்புண்டு. நடும் இடத்துக்கு அருகிலுள்ள மரங்களிலிருந்து பாதிக்கு மேற்பட்ட விதையையும், அதே மலைப்பக்கத்தில் 100 முதல் 200 மீற்றர் கீழேயுள்ள மரங்களிலிருந்து மீதியையும் எடுப்பது பாதுகாப்பான கலவை. மலையின் மறுபக்கத்திலிருந்து எடுக்க வேண்டாம். ஒரே மரத்தின் கீழ் கிடக்கும் விதைகளை மூட்டையாக அள்ளிவருவது வசதியானது. ஆனால் பரம்பரை வளம் குறுகிவிடும் என்பதால், இயன்றவரை பல தாய்மரங்களிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்.

நாவல், கீனா, நாகமரம் போன்றவற்றின் விதைகள் உலர்ந்தால் முளைக்கும் திறனை விரைவில் இழக்கின்றன. வெயிலில் காயவைத்து டப்பாவில் பூட்டும் பழக்கத்தை இவற்றுக்குக் கொண்டுவரக் கூடாது. சதையைக் கழுவி, ஈரச் சாக்கில் பொதிந்து, சில நாட்களுக்குள் நாற்றுமேடையில் இட வேண்டும். பாதுகாக்கப்பட்ட காடுகளுக்குள் அனுமதியின்றி விதையோ கன்றோ எடுப்பது சட்டப்படி குற்றம். தோட்ட எல்லையிலும் கோயில் வளவிலும் வீதியோரத்திலும் நிற்கும் மரங்களே நமக்குப் போதும்.

உச்சிக்கு அருகில்

இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை 2,524 மீற்றர்தான்; ஹோர்ட்டன் சமவெளி ஏறக்குறைய 2,100 மீற்றர். அங்கு வாழும் கீனாவுக்கும் சிவப்புப் பூப் பூக்கும் ரொடொடென்ட்ரனுக்கும் மேலே ஏற அதிக இடமில்லை. ஹோர்ட்டன் சமவெளியில் 1970களிலிருந்து மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து மடிவதைக் கவனித்து வருகிறார்கள். கீனா அதில் பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளது, காரணம் குறித்து இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. கீழ்நாட்டு மரங்களை அங்கு கொண்டுபோய் நடுவதை நான் ஏற்கவில்லை: நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் இன்னமும் தரையில் உறைபனி விழுகிறது, கன்று பிழைத்தாலும் உள்ளூர் மரத்தின் இடத்தையே அது பிடிக்கும். 1,500 மீற்றருக்கு மேல் செய்யத்தக்கது, அங்குள்ள சண்பகம், காட்டுக் கறுவா, மலை நாவல் இனங்களையே ஓடைப்பள்ளங்களிலும் காற்று மறைவிலும் பெருக்குவதும், எஞ்சிய காட்டின் விளிம்பை அடர்த்தியாக்குவதும்.

நடுதலும் கணக்கு வைத்தலும்

கன்றுக்கு முன்னால் நீண்ட ஈரக்காலம் இருக்கும்படி மேற்கில் ஜூனில் பெய்யும் முதல் மழையிலும், ஊவாவில் ஒக்டோபரிலும் நடுங்கள். திறந்த வெளியில் நாகமரக் கன்று வெயிலில் கருகும். கிரவேலியா அல்லது முள்முருங்கை நிழலுக்கடியில் நட்டு, நான்கைந்து ஆண்டுகள் கழித்து நிழலைப் படிப்படியாகக் குறைக்கலாம். விதை பிடிக்கும் முன் அறுத்த மானாப்புல்லைத் தண்டில் ஒட்டாமல் சுற்றிப் பரப்பினால் ஈரம் நிற்கும். செங்குத்தான சரிவில் நீர் தேங்கும் பெரிய குழிகள் வேண்டாம். கானின் (மழைநீர் வடிகாலின்) மேல்விளிம்பை விட்டு ஓரடி தள்ளி நடுவது போதும்.

ஒவ்வொரு கன்றுக்கும் இலக்கமிட்ட தகரத்துண்டைக் கட்டி, இனம், எந்தத் தாய்மரம், அது நிற்கும் இடத்தின் உயரம், நட்ட இடத்தின் உயரம், நட்ட மாதம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பிறகு வறண்ட காலம் முடியும்போது ஆண்டுக்கு ஒரு முறை கன்றின் உயரத்தை அளந்தால் போதும். செத்த கன்றின் இடத்தில் உடனே மறுகன்று வைக்காமல், பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் அழுகியிருந்தால் நீர் தேங்கியிருக்கிறது; வெள்ளையாக ஆனால் உலர்ந்திருந்தால் வறட்சி; கடித்த அடையாளம் இருந்தால் முள்ளம்பன்றியோ புழுவோ. வறட்சியால் செத்தவை ஒரே தாய்மரத்தின் கன்றுகளாக இருந்தால் விதை மூலத்தை மாற்றுங்கள். எல்லா மூலங்களிலிருந்தும் செத்திருந்தால், அந்த இனத்தை விட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள்.