எம்ஜிபி காரின் இரட்டை எஸ்யூ கார்பரேட்டரை நீங்களே டியூன் செய்வது எப்படி

எம்ஜிபி வாங்கிய புதிதில் எல்லோருக்கும் கை குறுகுறுப்பது, காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குத் தருகிற கார்பரேட்டரில்தான். போனெட்டைத் திறந்தால் சொம்பைக் கவிழ்த்து வைத்த மாதிரி இரண்டு அலுமினியக் குமிழ், அடியில் "வா, திருகு" என்று கூப்பிடுகிற ஒரு நட்டு. தயவுசெய்து இப்போதைக்குத் தொடாதீர்கள். நான் ஒரு சனிக்கிழமை முழுக்க அந்த நட்டுகளோடு மல்லுக்கட்டி, இருட்டுகிற நேரத்தில்தான் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிப்யூட்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே திறந்து மூடும் மின்தொடுப்பான பாயிண்ட்டின் இடைவெளி கிட்டத்தட்ட ஒட்டிப் போயிருந்தது. கோளாறு கார்பரேட்டரிலேயே இல்லை.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் செய்த கார் இது. 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜின். நம் அம்பாசடரில் ஓடிய 1489 சிசி இன்ஜினும் இதே குடும்பம்தான், அதனால் அம்பாசடரில் கை வைத்துப் பழகியவர்களுக்கு இது புதுசாகவே தெரியாது. கீழே சொல்வதெல்லாம் எஸ்யூ நிறுவனத்தின் எச்எஸ்4 வகை கார்பரேட்டர் இரண்டு உள்ள வண்டிக்கு. பிற்கால வண்டிகளில் வந்த எச்ஐஎஃப்4-ல் அடியில் இந்த நட்டு கிடையாது, பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கும்.

தேவையானவை: அங்குல அளவு ஸ்பேனர்கள் (மெட்ரிக் ஸ்பேனரைப் போட்டு நட்டின் முனையை மழுக்கிவிடாதீர்கள்), இடைவெளி அளக்கும் தகடுகளான ஃபீலர் கேஜ், ஸ்க்ரூடிரைவர், கொஞ்சம் 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயில், இரண்டடி ரப்பர் குழாய். அந்தக் குழாய்தான் இன்றைய கதாநாயகன்.

முதலில் கார்பரேட்டர் அல்லாத வேலை. வால்வு இடைவெளி 0.015 அங்குலம், பாயிண்ட் இடைவெளியும் 0.015, பிளக் 0.025. இந்த மூன்றும் சரியாக இல்லாமல் கார்பரேட்டரைச் சரி செய்ய முடியாது, தவறை இன்னொரு தவறால் மூடத்தான் முடியும்.

அடுத்து பிஸ்டன், இன்ஜினுடையது அல்ல, கார்பரேட்டர் குமிழுக்குள் ஏறி இறங்குவது. ஏர் ஃபில்டர்களைக் கழற்றிவிட்டு, கார்பரேட்டர் வாய்க்குள் விரலை விட்டுப் பிஸ்டனை மேலே தூக்கி விடுங்கள். 'டக்' என்று உலோகச் சத்தத்தோடு கீழே விழ வேண்டும். தயங்கித் தயங்கி இறங்கினால் மேலே உள்ள குமிழைக் கழற்றி, உள்ளே பெட்ரோலால் துடையுங்கள், சுவரில் எண்ணெய் பூச வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு கார்பரேட்டரை மட்டும் பிரியுங்கள், ஏனென்றால் குமிழும் பிஸ்டனும் ஜோடியாகப் பொருத்தி வந்தவை, மாறிவிட்டால் அப்புறம் எது யாருடையது என்று தேடித் திண்டாட வேண்டும்.

குமிழின் தலையில் உள்ள சின்ன மூடியைத் திறந்து ஆயில் பாருங்கள். மூடியைத் திரும்ப இறக்கும்போது, அது உட்கார இன்னும் கால் அங்குலம் இருக்கையிலேயே கையில் ஒரு தடை தெரிய வேண்டும், தெரியாவிட்டால் ஊற்றுங்கள். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் பிஸ்டன் துள்ளி எழாமல் இந்த ஆயில்தான் பிடித்துக்கொள்கிறது, அந்த நொடியில் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போகிறது. மிதித்ததும் வண்டி ஒரு கணம் மூச்சுப் பிடித்து நின்றால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும்.

சரி, இப்போது காற்று. வண்டியைக் கால் மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி வந்து, திறந்த வெளியில் நிறுத்தி, சோக்கை முழுக்க உள்ளே தள்ளுங்கள். இரண்டு கார்பரேட்டரையும் இணைக்கும் கம்பியில் உள்ள கிளாம்ப்புகளைத் தளர்த்தினால் ஒவ்வொன்றும் தனித்தனியாகிவிடும். ரப்பர் குழாயின் ஒரு முனை காதில், மறுமுனை கார்பரேட்டர் வாயில். பாம்பு சீறுகிற மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்று கேட்கும். அடுத்ததில் வைத்துக் கேளுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் சீறும்வரை ஐடிலிங் திருகுகளை மாற்றி மாற்றித் திருகுங்கள், வேகம் 700-800 ஆர்பிஎம் அளவில் நிற்கட்டும். இதற்கென்று விலை கொடுத்து வாங்கும் கருவிகளும் உண்டு, என்னிடமும் ஒன்று இருக்கிறது, ஆனால் குழாய்தான் எனக்குச் சரிப்படுகிறது. முன்னால் விசிறி சுற்றிக்கொண்டிருக்கும், குழாய், சட்டைக் கை, தொங்கும் ஹெட்ஃபோன் வயர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றுக்குப் பிறகுதான் மிக்சர், அதாவது காற்றோடு எவ்வளவு பெட்ரோல் கலக்கிறது என்பது. அடியில் உள்ள அறுகோண நட்டை மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் இன்ஜினை நிறுத்திவிட்டு இரண்டையும் முழுக்க மேலே ஏற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று இறக்குங்கள். இன்ஜினை ஓடவிட்டு, பக்கத்தில் உள்ள சின்ன பின்னை விரலால் மெல்ல அழுத்துங்கள். அந்தச் சின்ன பின் போய்ப் பிஸ்டனைத் தொட்ட பிறகு தூக்க வேண்டியது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். வேகம் விழுந்தால், அல்லது இன்ஜினே நின்றுபோனால், பெட்ரோல் போதவில்லை. லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. நட்டில் ஒரு தடவைக்கு ஒரு பட்டைதான், அதாவது ஆறு பக்கத்தில் ஒரு பக்கம் அளவுதான், திருப்ப வேண்டும்.

ஒன்றைத் திருப்பினால் மற்றது கலையும், அலுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பக்கத்தையும் மேனிஃபோல்டில் ஒரு சமன்குழாய் இணைக்கிறது, அதனால் மறுபடி காற்று, மறுபடி மிக்சர் என்று இரண்டு மூன்று சுற்று போக வேண்டியிருக்கும். முடிந்ததும் கிளாம்ப்புகளை இறுக்கி, மிதித்தால் இரண்டும் ஒரே நேரத்தில் திறக்கின்றனவா என்று பாருங்கள்.

பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல் எல்லாம் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10 ஆகிவிட்டது, பழைய ரப்பர் குழாய்களுக்கு எத்தனால் ஆகாது. நான் எத்தனால் ஐந்து சதவீதத்துக்கு மேல் போகாத சூப்பர் அன்லெடட் இ5 தான் போடுகிறேன்.

ஃபில்டர்களை மாட்டி, கூரையை மடக்கிவிட்டு, பத்து மைல் ஓட்டி வாருங்கள், கிராமத்துச் சாலையாக இருந்தால் நல்லது, வேலியோரம் எக்ஸாஸ்ட் சத்தம் திரும்பக் கேட்கும். புகையில்லாமல் தாறுமாறாகத் தெறித்தால் பெட்ரோல் குறைவு, கறுப்புப் புகையோடு தாளம் தப்பாமல் மிஸ் அடித்தால் அதிகம். திரும்பி வந்து இன்ஜின் ஆறியதும் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்கட் நிறம் இருந்தால் மாட்டிவிட்டுக் கை கழுவலாம். முதல் இரண்டும் கரி பிடித்திருந்தால் முன் கார்பரேட்டர், பின் இரண்டும் என்றால் பின் கார்பரேட்டர், ஒரு பட்டை மேலே ஏற்றுங்கள்.