அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ் வரலாறு: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

அமெரிக்க அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ், அதாவது 1960களில் தொடங்கிப் பெரிய நிறுவனங்களுக்கும் தணிக்கைக்கும் வெளியே வந்த பெரியவர்களுக்கான படக்கதை இதழ்கள் பற்றிய அறிமுகக் குறிப்புகள் பலவும் ஒரே தடத்தில் போகின்றன: ஹிப்பிகள், கஞ்சா, சான் பிரான்சிஸ்கோ, ஓவியர் ராபர்ட் கிரம்ப், கடைசியில் தடை. இதில் எதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் இந்த இதழ்களை யார் அச்சடித்தார்கள், எந்தக் கடையில் விற்றார்கள், படங்களின் உரிமை யார் கையில் இருந்தது என்ற மூன்றையும் பார்க்காமல் எழுதினால் ஆண்டும் தப்பிப்போகும், காரணமும் தப்பிப்போகும். கீழே சொல்லும் தவறுகளில் முக்கால்வாசி அங்கிருந்து வருபவைதான்.

ஸாப் காமிக்ஸை "முதல் இதழ்" என்பது

கிரம்ப் வரைந்த ஸாப் காமிக்ஸின் முதல் இதழ் 1968 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவில் வந்தது. அதற்கு நாலு வருடம் முன்பே, 1964இல், டெக்சாஸின் ஆஸ்டினில் ஃபிராங்க் ஸ்டாக் என்ற ஓவியர் ஃபூல்பர்ட் ஸ்டர்ஜன் என்ற புனைபெயரில் வரைந்த இயேசு பற்றிய கேலிச் சித்திரங்களை அவர் நண்பர் கில்பர்ட் ஷெல்டன் ஐம்பது பிரதி அளவில் நகலெடுத்துச் சுற்றுக்கு விட்டார். அதே ஆண்டு, அதே ஊரில், ஜாக்ஸன் (Jaxon) என்று கையெழுத்திட்டு வரைந்த ஜாக் ஜாக்சன் "காட் நோஸ்" என்ற இதழைக் கொண்டுவந்தார். 1965இல் பெர்க்லியில் ஜோயல் பெக் என்ற ஓவியரும் இப்படி இதழ் கொண்டுவந்தார். நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜ் அதர் போன்ற மாற்றுப் பத்திரிகைகளிலும் இந்தப் பாணிப் படக்கதைகள் ஸாப்புக்கு முன்பே வந்துகொண்டிருந்தன.

அப்படியென்றால் ஸாப்பின் இடம் என்ன? வழக்கமான காமிக்ஸ் புத்தகத்தின் வடிவில், வரிசை எண்ணோடு, தொடர்ந்து விற்கக்கூடிய ஒன்றாக அதைக் காட்டியது கிரம்பின் ஸாப். பார்த்தவர்கள் "இதை நாமும் செய்யலாம்" என்று இறங்கினார்கள். சிகாகோவில் ஜே லின்ச், ஸ்கிப் வில்லியம்சன் இருவரும் அதே 1968இல் பிஜூ ஃபன்னீஸ் தொடங்கினார்கள். எழுதும்போது "முதல்" என்பதைவிட "மாதிரியாக அமைந்தது" என்று எழுதுவது சரி.

இதழ் எண்ணையும் ஆண்டையும் அப்படியே நம்புவது

ஸாப்பில் பூஜ்யம் எண்ணிட்ட இதழ் ஒன்று உண்டு. அதைப் பார்த்ததும் ஒன்றாம் இதழுக்கு முன் வந்தது என்றே யாரும் நினைப்பார்கள். வரையப்பட்டது முன்புதான், வெளிவந்தது பின்பு. 1967இல் கிரம்ப் முதல் இதழுக்கான பக்கங்களை முடித்து பிலடெல்பியாவிலிருந்த ஒரு பதிப்பாளருக்குக் கொடுத்தார். அந்த மூலப் பக்கங்கள் கைவிட்டுப் போயின. அவர் உட்கார்ந்து இன்னொரு இதழை வரைந்தார். அதுவே ஒன்றாம் எண்ணோடு வந்தது. 1968 பிற்பாதியில், மூன்றாம் இதழ் அச்சுக்குப் போகும் முன், தொலைந்த பக்கங்களின் ஜெராக்ஸ் நகல்கள் கிடைத்தன. அந்தக் கால நகல் இயந்திரம் கோடுகளைச் சரியாகப் பிடித்திருந்தது, ஆனால் முழுக்கருப்பாக நிரப்பிய இடங்கள் எடுபடவில்லை. கிரம்ப் அவற்றுக்கு மறுபடி மை போட்டுக் கொடுத்த பிறகே பூஜ்ய இதழ் உருவானது. ஆக, வெளிவந்த வரிசை ஒன்று, இரண்டு, பூஜ்யம், மூன்று. கிரம்பின் கோட்டு வளர்ச்சியை இதழ் எண் வரிசையில் விளக்கும் கட்டுரைகள் பூஜ்ய இதழில் தடுமாறுவது இதனால்தான்.

ஒன்றாம் இதழின் முதல் அச்சை அடையாளம் காண்பதிலும் இதே சிக்கல். டான் டோனஹ்யூவின் அபெக்ஸ் நாவல்டீஸ் பதிப்பித்த அந்த இதழை மல்டிலித் 1250 என்ற சின்ன ஆஃப்செட் இயந்திரத்தில் அச்சடித்தவர் சார்லஸ் பிளைமெல் என்ற கவிஞர். முதல் அச்சின் பின்னட்டையில் "அச்சிட்டவர் சார்லஸ் பிளைமெல்" என்ற பொருளில் ஒரு சிறிய ஆங்கில வரி இருக்கும். அதன் பிறகு இயந்திரம் டோனஹ்யூ கைக்கு வந்தது. இரண்டாம் அச்சில் அதே இடத்தில் அவர் பெயர். பிறகு பெர்க்லியின் பிரிண்ட் மின்ட் மறுஅச்சுகளைத் தொடர்ந்து போட்டது. அட்டை விலை 25 சென்டில் தொடங்கி 35, 50 என்று ஏறியது. ஆனால் படமும் பதிப்புரிமை ஆண்டும் பெரும்பாலும் மாறவில்லை. 1968 என்று போட்டிருக்கிறது என்பதால் அது 1968இல் அச்சடித்த பிரதி ஆகிவிடாது.

இது ஸாப்புக்கு மட்டும் உள்ள விஷயம் அல்ல. விற்க விற்க அச்சடிப்பதுதான் இந்தத் தொழிலின் முறை. எந்த இதழைக் கையில் எடுத்தாலும் இந்த வரிசையில் பாருங்கள்: முதலில் அட்டை விலை, அடுத்து பதிப்பகத்தின் பெயரும் முகவரியும், பிறகு உள்ளட்டையில் உள்ள விற்பனைப் பட்டியல். அந்தப் பட்டியலில் 1971இல் வந்த ஒரு தலைப்பு இருந்தால், அட்டையில் என்ன ஆண்டு போட்டிருந்தாலும் அந்தப் பிரதி 1971க்கு முந்தையது அல்ல. மூன்றும் ஒத்துப்போனால் மட்டுமே முதல் அச்சு என்ற பேச்சுக்கே போகலாம். விற்பவர் சொல்வதை வைத்து முடிவு செய்யக் கூடாது, பின்னட்டைப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பத்திரிகைகளில் வந்த படக்கதைகளுக்குத் தேதி குறிப்பது இன்னும் கடினம். 1966இல் உருவான அண்டர்கிரவுண்ட் பிரஸ் சிண்டிகேட்டில் சேர்ந்த பத்திரிகைகள் ஒன்றின் உள்ளடக்கத்தை மற்றொன்று இலவசமாக மறுபதிப்பு செய்துகொள்ளலாம். ஒரே படக்கதை பல ஊர்களில் வேறு வேறு வாரங்களில் வந்திருக்கும். கையில் கிடைத்த பத்திரிகையின் தேதியை முதல் வெளியீட்டுத் தேதியாக எழுதிவிடாதீர்கள்.

வாங்கிய பிரதியைப் பாதுகாப்பது பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. உள்தாள் பெரும்பாலும் நியூஸ்பிரிண்ட். அதிலுள்ள லிக்னினும் அமிலமும் தாளை மஞ்சளாக்கி நொறுங்க வைக்கும். பி.வி.சி. உறையில் போட்டால் நாளடைவில் அது அட்டை மையில் ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறையும் அமிலம் நீக்கிய அட்டையும்தான் சரி. கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டவே கூடாது, பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகும். கடலோர ஊர்களில் ஸ்டேப்பிள் பின் துருப்பிடிக்கும், மழைக்காலத்தில் ஒருமுறையாவது எடுத்துப் பார்க்க வேண்டும்.

காமிக்ஸ் கோட் (Comics Code) விதிகளை அரசுச் சட்டம் என்று எழுதுவது

1954இல் வந்த காமிக்ஸ் கோட் அரசு போட்ட சட்டம் இல்லை. ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவரின் குற்றச்சாட்டுகளும் செனட் துணைக்குழு விசாரணையும் எழுப்பிய பயத்தில் பதிப்பாளர்களே கூடிப் போட்டுக்கொண்ட தணிக்கை. அதன் பல் இருந்தது விநியோகத்தில். கோடின் ஒப்புதல் முத்திரை அட்டையில் இல்லாத இதழை மொத்த விநியோகஸ்தர்கள் எடுக்க மாட்டார்கள், எடுக்காவிட்டால் பத்திரிகைக் கடைக்குப் போகாது, கதை முடிந்தது. எனவே அண்டர்கிரவுண்ட் ஓவியர்கள் சட்டத்தை மீறினார்கள் என்று எழுதுவது பொருந்தாது. அவர்கள் அந்தக் கடைகளையே விட்டுவிட்டு வேறு கடைகளுக்குப் போனார்கள்: புகைக்கும் குழாய்கள், சுருட்டும் தாள், சுவரொட்டி விற்ற ஹெட் ஷாப்புகள், இசைத்தட்டுக் கடைகள், சில புத்தகக் கடைகள்.

இந்த வழி மாற்றம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. பத்திரிகைக் கடை விற்காததைத் திருப்பி அனுப்பும். ஹெட் ஷாப் எடுத்த சரக்குக்குக் காசு கொடுத்துவிடும், திருப்பித் தராது. அதனால் கையில் காசில்லாத பதிப்பாளரும் சில ஆயிரம் பிரதி துணிந்து அச்சடிக்க முடிந்தது. ஓவியருக்கும் வேறு கணக்கு. பெரிய நிறுவனங்கள் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துப் பாத்திரத்தையே எடுத்துக்கொண்டன. சூப்பர்மேனை உருவாக்கிய இருவர் 1938இல் பெற்றது 130 டாலர். அண்டர்கிரவுண்டில் பதிப்புரிமை ஓவியரிடமே இருந்தது, ஒவ்வொரு மறுஅச்சுக்கும் ராயல்டி கிடைத்தது. இந்த இயக்கம் விட்டுச்சென்றவற்றில் மிகப் பெரியது இந்த ஏற்பாடுதான் என்பேன். நிர்வாணமும் போதையும் அதற்கு அடுத்த வரிசைதான்.

"1973இல் தடை செய்தார்கள்" என்பது

1973 ஜூன் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த மில்லர் எதிர் கலிபோர்னியா தீர்ப்பைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். அந்த வழக்கு காமிக்ஸ் பற்றியதே அல்ல, தபாலில் அனுப்பிய ஆபாச விளம்பரங்கள் பற்றியது. தீர்ப்பு எந்த இதழையும் தடை செய்யவுமில்லை. அது மாற்றியது அளவுகோலை. அதற்கு முன் ஒரு படைப்பு சமூக மதிப்பு துளியும் இல்லாதது என்று அரசுத் தரப்பு நிறுவ வேண்டியிருந்தது. மில்லருக்குப் பிறகு உள்ளூர்ச் சமூகத்தின் தரம் அளவுகோலில் நுழைந்தது. இலக்கிய, கலை, அரசியல், அறிவியல் மதிப்பு ஏதும் காத்திரமாக இருக்கிறதா என்ற கேள்வி வந்தது.

விளைவைக் கடைக்காரர் இடத்தில் நின்று பார்த்தால் புரியும். சான் பிரான்சிஸ்கோவில் சிக்கல் இல்லாத அதே இதழ் ஒரு சிறு நகரத்தில் வழக்காகலாம். மாட்டப்போவது வரைந்தவர் இல்லை, கல்லாவில் நிற்பவர். இது வெறும் பயமும் இல்லை: 1969இல் வந்த ஸாப் நான்காம் இதழை விற்றதற்காக நியூயார்க்கில் புத்தகக் கடை ஊழியர்கள் மீது வழக்குப் போட்டு 1970இல் தண்டித்தார்கள். ஐம்பது சென்ட் இதழுக்காகக் கைதாக எந்தக் கடைக்காரரும் விரும்ப மாட்டார். ஹெட் ஷாப்புகள் காமிக்ஸ் எடுப்பதைக் குறைத்தன.

அதோடு நிறுத்தினாலும் படம் முழுமையாகாது. தீர்ப்பு வருவதற்குள்ளேயே சந்தையில் தரம் குறைந்த இதழ்கள் குவிந்திருந்தன, 1973இல் காகிதத் தட்டுப்பாடும் வந்தது. சரிவுக்கு இந்த மூன்றையும் சேர்த்தே எழுத வேண்டும். "அழிந்தது" என்றும் எழுத வேண்டாம். பிரிண்ட் மின்ட் 1975, 76இல் ஆர்ட் ஸ்பீகல்மன், பில் கிரிஃபித் தொகுத்த ஆர்கேட் இதழை ஏழு எண்கள் கொண்டுவந்தது. ரான் டர்னர் 1970இல் தொடங்கிய லாஸ்ட் காஸ்ப் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நின்றது.

டிஸ்னி வழக்கை இதோடு குழப்புபவர்களும் உண்டு. டிஸ்னி பாத்திரங்களைப் பகடி செய்து 1971இல் இரண்டே இதழ்கள் வந்த ஏர் பைரேட்ஸ் ஃபன்னீஸ் மீது டிஸ்னி தொடுத்தது பதிப்புரிமை வழக்கு. பகடிக்குத் தேவையானதைவிட அதிகமாக நகலெடுத்துவிட்டார்கள் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1978இல் சொன்னது. ஆபாசச் சட்டத்துக்கு அங்கே வேலையே இல்லை.

கிரம்ப் ஒருவரை வைத்தே முழு வரலாற்றையும் எழுதுவது

இதுதான் மிகவும் சேதம் செய்யும் தவறு. கிரம்பின் கோடு அபாரமானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் வரைந்த பெண்களும் கருப்பினத்தவரும் பல இடங்களில் அருவருப்பான கேலி உருக்கள். "அந்தக் காலம் அப்படி" என்று கடந்துபோவது சரியல்ல, ஏனென்றால் அந்தக் காலத்திலேயே, அந்த வட்டத்துக்குள்ளேயே, ஓவியர் ட்ரீனா ராபின்ஸ் அதை வெளிப்படையாக எதிர்த்தார். ஆண்கள் தொகுத்த இதழ்களில் இடம் கிடைக்காத நிலையில் 1970இல் அவரும் பார்பரா "வில்லி" மெண்டஸும் சேர்ந்து கொண்டுவந்த "இட் எய்ன்ட் மீ, பேப்" முழுக்கப் பெண்களே வரைந்த முதல் காமிக்ஸ் இதழ். 1972இல் தொடங்கிய விமன்ஸ் காமிக்ஸ் 1992 வரை 17 இதழ்கள் வந்தது. ஒவ்வொரு இதழுக்கும் ஆசிரியர் மாறுவார், ஒருவர் கைக்குள் அடங்கிவிடாமல் இருக்க. ஜாய்ஸ் ஃபார்மரும் லின் ஷெவ்லியும் 1973இல் கருக்கலைப்பு பற்றி "அபார்ஷன் ஈவ்" என்ற இதழைச் செய்தார்கள். அமெரிக்கா முழுதும் கருக்கலைப்பு சட்டபூர்வமான அதே ஆண்டு அது.

இவர்களை விட்டுவிட்டால் தாக்கத்தின் பாதையும் அறுந்துபோகும். தன்வரலாற்று காமிக்ஸ் பற்றிப் பேசும்போது ஜஸ்டின் கிரீனின் "பிங்கி பிரவுன்" (1972) பெயரைச் சொல்கிறார்கள், சரிதான். கத்தோலிக்கப் பாவ பயமும் ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து அலைக்கழிக்கும் மனநோயும் சேர்ந்து ஒரு சிறுவனை வதைப்பதை அவர் வரைந்திருக்காவிட்டால், யூத இன அழிப்பில் தப்பிய தன் தந்தையின் கதையைச் சொல்லும் மாவ்ஸ் வந்திருக்காது என்று ஸ்பீகல்மனே ஏற்றுக்கொண்டிருக்கிறார். மாவ்ஸின் மூன்று பக்க முதல் வடிவம் அதே 1972இல் "ஃபன்னி அமினல்ஸ்" என்ற அண்டர்கிரவுண்ட் இதழில்தான் வந்தது. ஆனால் அந்த ஆண்டே விமன்ஸ் காமிக்ஸ் முதல் இதழில் அலீன் கொமின்ஸ்கி தன் உடல் மீதான வெட்கத்தைக் கோணல்மாணலான கோடுகளில் "கோல்டி" என்று வரைந்தார். அதே இதழில் ட்ரீனா ராபின்ஸ் தன்பாலீர்ப்புப் பெண் ஒருத்தி பற்றி எழுதிய கதை போதவில்லை என்று தோன்றிய மேரி விங்ஸ், 1973இல் "கம் அவுட் காமிக்ஸ்" என்று தானே ஒன்றை வரைந்து வெளியிட்டார். 1980இல் ஹோவர்ட் குரூஸ் தொகுப்பில், தன்பாலீர்ப்பாளர் கதைகளைக் கொண்ட கே (Gay) காமிக்ஸ் வந்தது. அதைக் கண்டுதான் தன் வாழ்க்கையையும் வரையலாம் என்று தோன்றியதாக ஓவியர் அலிசன் பெக்டல் சொல்லியிருக்கிறார். மாவ்ஸுக்கு 1992இல் கிடைத்த புலிட்சரோடு கதையை முடிப்பவர்கள் இந்த இன்னொரு கிளையைப் பார்ப்பதே இல்லை.

பெரியவர்களுக்கான காமிக்ஸ் எல்லாவற்றுக்கும் இதுவே வேர் என்பது

பிரான்ஸில் மாண்ட்ரிகா, கோட்லிப், பிரெதெஷே மூவரும் 1972இல் தொடங்கிய எக்கோ தெ சவான் இதழில் அமெரிக்க அண்டர்கிரவுண்டின் சாயல் தெளிவாக இருக்கிறது. ஜப்பானை அப்படிச் சேர்த்துவிட முடியாது. தட்சுமி யோஷிஹிரோ 1950களின் பிற்பாதியிலேயே கெகிகா என்று பெயரிட்டுப் பெரியவர்களுக்காக வரையத் தொடங்கிவிட்டார். காரோ மாத இதழ் 1964இல் வந்தது. இரண்டும் ஸாப்புக்கு முந்தியவை, வேறு மண்ணில் வளர்ந்தவை. உண்மையில் எதிர்த் திசையிலும் போக்குவரத்து நடந்திருக்கிறது: ஹிரோஷிமா அணுகுண்டில் தப்பிய நகசாவா கெய்ஜியின் "கென்" (Gen) கதையை 1980இல் அமெரிக்காவில் காமிக்ஸ் இதழாகப் பதிப்பித்தவர், அணுமின் நிலையங்களுக்கு எதிராக "ஆல்-அட்டாமிக் காமிக்ஸ்" வரைந்த அண்டர்கிரவுண்ட் ஓவியர் லியனார்ட் ரைஃபாஸ்.