ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்கு: மன்றம், மேடை, மலை

ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டுக் காரைக்குடிக்கோ தேவகோட்டைக்கோ திருப்பத்தூருக்கோ பஸ் ஏறும் பிள்ளைக்கு, முதல் மாதத்திலேயே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. ஒவ்வொரு ஆசிரியராக வகுப்புக்கு வந்து, "சாரணர்ல யார் சேர்றீங்க? பேச்சுப் போட்டிக்கு யாரு? சிலம்பத்துக்கு யாரு?" என்று கேட்பார்கள். கை தூக்கக் காசு கேட்பதில்லை, அதனால் எல்லாவற்றுக்கும் தூக்கிவிடத் தோன்றும். ஆகஸ்டு பிறப்பதற்குள் பாதிப் பட்டியலில் பெயரை அடித்திருப்பார்கள்.

முதல் வருடத்துக்கு மூன்று போதும். வாரந்தோறும் கூடும் மன்றம் ஒன்று, மேடை ஒன்று, வெளியே போகும் பயணம் ஒன்று. மூன்றையும் ஒரே மாதத்தில் தொடங்காதீர்கள். ஜூலையில் மன்றம், காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மேடை, பொங்கலுக்குப் பிறகு மலை. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு: ஜூலையில் பாடச்சுமை குறைவு, கலைத் திருவிழா போன்ற போட்டிகள் பெரும்பாலும் காலாண்டை ஒட்டியே வருகின்றன, மலைக்கு ஏற்ற வெயில் ஜனவரியிலும் பிப்ரவரியிலும்தான்.

முதலில் பஸ் நேரம்

எந்த மன்றம் பிடிக்கும் என்று யோசிப்பதற்கு முன்னால், மாலை எத்தனை மணிக்கு ஊருக்குக் கடைசி டவுன் பஸ் என்று பாருங்கள். மன்றத்தைப் பாதியில் விடும் பிள்ளைகளில் பலர் ஆர்வம் போனதால் விடுவதில்லை, பஸ் போய்விடும் என்பதால் விடுகிறார்கள். மன்றம் நாலரைக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடியும், உங்கள் பஸ் ஐந்தே காலுக்கு என்றால் மூன்றாவது வாரமே வீட்டில் தடை வரும். பள்ளி நேரத்துக்குள் கூடும் மன்றத்தையோ, சனிக்கிழமை காலையில் கூடுவதையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஒரே பஸ்ஸில் வரும் இன்னொரு பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு பொறுப்பாசிரியரிடம், "ஐந்து மணிக்கு எங்களை விட்டுடுங்க, சார்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். முதல் நாள் சொன்னால் அது ஏற்பாடு. நான்காவது வாரம் சொன்னால் சாக்காகத்தான் கேட்கும்.

எதில் யார் சேரலாம்

சாரணர், சாரணியர் படையில் பத்து வயது நிறைந்தால் சேரலாம். ஜே.ஆர்.சி. எனப்படும் இளஞ்செஞ்சிலுவைச் சங்கத்தில் முதலுதவி முக்கியம். ரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும் பிள்ளைகள்தான் இதில் சேர வேண்டும் என்பது எங்கள் கட்சி. அரசுப் பள்ளியில் 6 முதல் 8 வரை படிப்பவர்களுக்கு அறிவியல், கணிதச் சோதனைகளைக் கையால் செய்து பார்க்க வானவில் மன்றம் இருக்கிறது, 2022 நவம்பரில் தொடங்கியது. இலக்கிய மன்றம் பெரும்பாலான பள்ளிகளில் உண்டு. என்.சி.சி.க்கு இப்போது அவசரப்பட வேண்டாம், எட்டு அல்லது ஒன்பதாம் வகுப்பில்தான் எடுப்பார்கள்.

அறிவியல் பிடித்த பிள்ளைகள் செப்டம்பர் 26ஐக் குறித்து வைத்துக்கொள்ளலாம். அது மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆய்வு மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். நிறுவப்பட்ட நாள். அதையொட்டி ஆய்வகங்களைப் பள்ளி மாணவர்கள் பார்க்கத் திறந்துவிடும் வழக்கம் உண்டு. காரைக்குடிக்காரர்களுக்கு அதன் மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி பக்கத்திலேயே இருக்கிறது. எந்த நாள், எத்தனை மணி என்று அறிவியல் ஆசிரியரை முன்னதாகவே கேட்கச் சொல்லுங்கள்.

சேர்ந்த மன்றத்தை மூன்று கூட்டம் முடியும்வரை விடாதீர்கள். முதல் கூட்டத்தில் பெயர் எழுதுவதும் உறுதிமொழியும்தான் நடக்கும். இரண்டாவதில் பழைய பிள்ளைகள் ஆட, புதியவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். கைக்கு வேலை வருவது மூன்றாவதில்தான்.

ஒரு முடிச்சு, ஒழுங்காக

சாரணரிலும் ஜே.ஆர்.சி.யிலும் முதலில் வருவது ரீஃப் நாட். கட்டுப்போடவும், கைத் தூளி கட்டவும் இதுதான், ஏனென்றால் தட்டையாக உட்காரும், தோலை உறுத்தாது. கொடிக்கயிறு இரண்டு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பருத்திக் கயிறாக இருக்கட்டும், நைலான் வழுக்கும். ஒரு நுனியில் ஓர் அங்குலத்துக்குச் சிவப்பு மை தடவுங்கள்.

சிவப்பு நுனி இடக்கையில். அதை வெள்ளை நுனியின் மேலே போட்டு, அடியில் நுழைத்து மேலே எடுங்கள். இப்போது சிவப்பு வலப்பக்கம் வந்திருக்கும். அதே சிவப்பை மறுபடி வெள்ளையின் மேலே போட்டு, அடியில் நுழைத்து இழுங்கள். இரண்டு முறையும் சிவப்புதான் மேலே போக வேண்டும், சூத்திரம் அவ்வளவுதான். இரண்டாம் முறை வெள்ளை மேலே போய்விட்டால் அதுவும் முடிச்சு போலவே தெரியும், ஆனால் பாரம் ஏறினால் நழுவும். வித்தியாசத்தைக் கண்ணாலேயே பிடிக்கலாம். சரியான முடிச்சில் இரண்டு நுனியும் கயிற்றோடு ஒட்டிப் படுத்திருக்கும். தப்பானதில் குறுக்கே முறைத்துக்கொண்டு நிற்கும்.

கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை போட வந்தால் பாடம் முடிந்தது. தடிமன் வேறுபட்ட இரண்டு கயிறுகளை இதால் இணைக்காதீர்கள், அதற்கு ஷீட் பெண்ட் என்ற வேறு முடிச்சு இருக்கிறது. ஆள் தொங்கும் பாரத்துக்கு ரீஃப் நாட் கூடவே கூடாது.

மேடை: காலை வழிபாட்டிலிருந்து தொடங்குங்கள்

பட்டிமன்றம் என்றாலே காரைக்குடி நினைவுக்கு வரும். சா. கணேசன் 1939இல் இங்கே கம்பன் கழகத்தைத் தொடங்கினார். பங்குனியில் நடக்கும் கம்பன் விழா, அத்த நட்சத்திரத்தன்று கம்பர் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையில் நிறைவடையும். ஒரு நாள் மாலை போய் உட்கார்ந்து, பேசுகிறவர் எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். என்ன பேசுகிறார் என்பது பிறகு புரியட்டும்.

உங்கள் முதல் மேடை அதைவிடச் சின்னது: காலை வழிபாட்டுக் கூட்டம். ஒரு குறளும் பொருளும் சொல்ல அரை நிமிடம். செய்தி வாசிக்க ஒரு நிமிடம். இதை மூன்று முறை செய்த பிறகு பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுங்கள். நேரே போட்டி மேடையில் ஏறும் பிள்ளை மறந்து நின்றுவிட்டால், அடுத்த மேடையில் ஏற இரண்டு வருடம் ஆகிவிடும்.

மூன்று நிமிடப் பேச்சுக்கு 250 சொல் போதும், நீள நோட்டில் இரண்டு பக்கம். பெரியவர்கள் எழுதித் தருவது பெரும்பாலும் நான்கு பக்கம் இருக்கும். பிள்ளை அதைக் கடகடவென்று ஒப்பித்து, மணி அடிக்கும்போது நடுவில் மாட்டிக்கொள்ளும். எழுதியதை வாய்விட்டுப் படித்துக் கடிகாரத்தில் பாருங்கள். இரண்டே முக்கால் நிமிடத்தில் முடிந்தால் சரி. மேடையில் சிலர் வேகமாகிவிடுவார்கள், சிலர் இழுப்பார்கள், அந்தக் கால் நிமிடம் அதற்கு. "அவைத்தலைவர் அவர்களே, நடுவர் பெருமக்களே" என்று ஒவ்வொருவராகக் கும்பிட்டால் முப்பது விநாடி போச்சு. "அனைவருக்கும் வணக்கம்" என்று ஒரே வீச்சில் முடியுங்கள்.

மனப்பாடம் செய்யும் விதம்: பேச்சை ஐந்து துண்டாக வெட்டுங்கள். கடைசித் துண்டை முதலில் பாடம் செய்யுங்கள், பிறகு நான்கும் ஐந்தும், பிறகு மூன்று, நான்கு, ஐந்து, இப்படியே முன்னால் வாருங்கள். எல்லோரும் தினமும் முதல் வரியிலிருந்தே தொடங்குவதால் தொடக்கம் தண்ணீர்பட்ட பாடாகவும், முடிவு நூலில் தொங்குகிற மாதிரியும் இருக்கும். மேடையில் தடுமாறுவது எப்போதும் பின்பாதியில்தான். பின்னாலிருந்து வந்தால், பேசப் பேசத் தெரிந்த இடத்துக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு துண்டின் முதல் சொல்லையும் உள்ளங்கை அளவுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தே சொல். வீட்டில் அப்பத்தா முன்னால் ஒரு முறை பேசிக் காட்டுங்கள். எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துக் கேட்க ஓர் ஆள் வேண்டும், கண்ணாடி அதற்கு ஈடாகாது.

மைக்கை வாயிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் பிடியுங்கள். ஊதாதீர்கள், தட்டாதீர்கள். கையில் மைக்கோடு ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போனால் கீச்சென்று அலறும், அது மைக் செட்காரர் தப்பு அல்ல. நிற்கும் மைக் உயரமாக இருந்தால் எக்கிப் பேச வேண்டாம், இறக்கித் தரச் சொல்லுங்கள். அதற்காகும் பத்து விநாடிக்கு நடுவர் மதிப்பெண் குறைக்க மாட்டார்.

கும்மி, ஒயிலாட்டம் போன்ற குழு ஆட்டத்தில் சறுக்குவது ஆட்டம் அல்ல, பாட்டு. பாட்டைப் போட்டியின் நேர அளவுக்கு முன்பே வெட்டி, ஒரு பென்டிரைவிலும் ஒரு போனிலும் வையுங்கள். போனை விமானப் பயன்முறையில் போடாவிட்டால் நடுவில் யாராவது கூப்பிடுவார்கள். மேடையின் நீள அகலத்தை முன்கூட்டியே கேட்டு, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு அதற்குள் ஆடிப் பழகுங்கள். பரந்த மைதானத்தில் பழகிய பத்துப் பேர் சின்ன மேடையில் ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்கள். சலங்கை கட்டுபவர்கள் கணுக்காலில் முதலில் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

சிலம்பத்துக்குக் கம்பு உங்கள் புருவ உயரம் இருக்கட்டும். அண்ணனுடைய கம்பை எடுத்து வந்தால் நுனி தரையில் மோதிக் கைக்கு அதிரும். முதல் சில வாரம் காலடி வரிசைதான், சலித்துக்கொள்ளக் கூடாது.

வெளியே: குன்று, கோட்டை, கண்மாய்

வரிசையாகப் போங்கள். முதலில் குன்றக்குடி: படிக்கட்டு உண்டு, மயில் பார்க்கலாம். அடுத்து திருமயம் கோட்டை: மேலே பாறையும் பீரங்கியும், கீழே இரண்டு குடைவரைக் கோயில். சில இடத்தில் தடுப்புச்சுவர் இல்லை, விளிம்பில் நின்று செல்பி எடுப்பதைத் தடுக்கவே ஓர் ஆசிரியர் வேண்டும். இரண்டும் பழகிய பிறகு பிரான்மலை. பாரியின் பறம்பு மலை என்று தமிழ்ப் பாடத்தில் படிப்பது இதைத்தான்.

காலை ஆறு மணிக்கு ஏறத் தொடங்கி, பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள். பாறை வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும், பதினொன்றுக்குமேல் வெறுங்காலை வைக்க முடியாது. ரப்பர் செருப்பு பாறைச் சரிவில் வழுக்கும், வார் அறுந்துபோகும். பழகிய கேன்வாஸ் ஷூவே நல்லது. புது ஷூ குதிகாலைக் கடிக்கும்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், இரண்டு ஒரு லிட்டர் பாட்டிலாக. ஒன்று காலியானதும் திரும்ப வேண்டும், மேலே எவ்வளவு தூரம் மிச்சம் இருந்தாலும் சரி. தலைவலி, குமட்டல், காலில் குரக்கு வந்தால் நிழலில் உட்கார்த்தி ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சமாகக் கொட்டிக் கலக்கினால் உப்பு கூடி வாந்தி வரும்.

கட்டுசோற்றுக்குப் புளியோதரையை மிஞ்ச எதுவும் இல்லை. தேங்காய் போட்ட எதுவும் வேண்டாம், மதியத்துக்குள் ஊசிப்போகும். தயிர்சோறு புளிக்கும். புளியோதரையையும் நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து, அந்த நீரே கெடுத்துவிடும். சீடையும் முறுக்கும் வழியில் கொறிக்க.

பறவை பார்க்க, திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி சரணாலயம். நவம்பர் முதல் பிப்ரவரிவரை, கண்மாயில் தண்ணீர் இருக்கும் வருடம் போங்கள். நத்தைகுத்தி நாரையை அடையாளம் காண்பது எளிது: அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். சிவப்பு, மஞ்சள், பளிச்சென்ற வெள்ளைச் சட்டை வேண்டாம், காக்கியும் மங்கிய பச்சையும் போதும். பறவைகள் கூட்டை விட்டுப் போய்விடும் என்று அந்தப் பக்கத்துக் கிராமத்தார் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. விசில் அடிக்கும் பழக்கமுள்ள நண்பனிடம் இதை முன்னாலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள்.

ஊரணியிலும் கண்மாயிலும் இறங்காதீர்கள், நீச்சல் தெரிந்தாலும். ஊரணிப் படிகளில் தண்ணீருக்கடியில் பாசி இருக்கும். செம்மண் அள்ளிய குழிகள் இன்னும் மோசம், கரையிலிருந்து ஓரடி வைத்தால் ஆள் ஆழம். யாராவது விழுந்தால் பின்னால் குதிக்காமல் கயிறு, துப்பட்டா, நீளக் கம்பு ஏதாவது வீசிப் பிடிக்கச் சொல்லிக் கத்திக் கூப்பிடுங்கள். முடிச்சுக்கு வாங்கிய அந்த இரண்டு மீட்டர்க் கயிறு எப்போதும் பையில் இருக்கட்டும்.

கோடை மழையிலும் ஐப்பசியிலும் மதியத்துக்குமேல் இடி வரும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் கட்டடத்துக்குள்ளோ வேனுக்குள்ளோ போய்விடுங்கள். பனையடியும் புளியமரத்தடியும் ஆகாது. கடைசி இடி கேட்டு அரை மணி கழித்துத்தான் வெளியே.

பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் படுக்க வைத்து 108க்குக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போகச் சொல்லுங்கள்.

புறப்படும்போது பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் பள்ளியில். வீட்டு எண், ஆசிரியர் எண் எழுதிய தாள் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும், ஏனென்றால் மலையில் சிக்னல் போகும், போன் பேட்டரி தீரும். ஏறும்போது ஒரு தடவை, உச்சியில் ஒரு தடவை, இறங்கியதும் ஒரு தடவை, வேனில் ஏறிய பிறகு ஒரு தடவை என்று தலையை எண்ணுங்கள். வேன் கதவை மூடுவது கடைசி எண்ணிக்கைக்குப் பிறகு.