நிலவியல் கற்பித்தலுக்குச் சிறு மானியம்: வரைவு எங்கே சறுக்குகிறது

பாறைச் சீவல்களைப் பார்க்கும் போலரைசிங் மைக்ரோஸ்கோப் ஒன்று, களத்தில் திசையும் சாய்வும் அளக்கும் பிரண்டன் காம்பஸ் ஐந்து, லேப்டாப் ஒன்று. கற்பித்தல் மேம்பாட்டுக்கான சிறு மானியம் கேட்டு எழுதப்படும் வரைவுகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. மதிப்பீட்டாளர் தேடுவது வேறு: மாணவருக்கு இப்போது எது புரியவில்லை, எதை மாற்றினால் புரியும், புரிந்தது என்று எப்படித் தெரியும்? இந்த மூன்றும் முதல் பக்கத்தில் இல்லையென்றால், துறைக்குச் சாமான் வாங்கப் பணம் கேட்கிறார்கள் என்றுதான் அவர் முடிவு செய்வார். அந்த முடிவு பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

“மாணவர்களின் களத்திறனை மேம்படுத்துதல்” என்பது ஒரு நோக்கமே அல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள திருவக்கரையை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள கல்மரங்களைப் பார்த்ததும் அவை வளர்ந்த இடத்திலேயே கல்லாகிவிட்டன என்று மாணவர் எழுதக்கூடும். ஆனால் அடிமரங்கள் படுத்துக் கிடக்கின்றன. கிளையும் வேரும் இல்லை. சுற்றிலும் கடலூர் மணற்கல். இந்தச் சான்றுகளை வைத்து, வெள்ளம் அடித்துவந்து புதைத்த மரங்கள் இவை என்று மாணவரே வாதிடும்படி ஒரு பயிற்சியை அமைக்கலாம். “பயிற்சிக்குப் பின் மாணவர் குறைந்தது மூன்று களச்சான்றுகளைக் காட்டி வாதிடுவார்” என்று எழுதினால் அது அளந்து பார்க்கக்கூடிய நோக்கம். இதற்குத் தேவை கைலென்ஸும் பணித்தாளும் பேருந்தும்தான். அது பாதுகாக்கப்பட்ட தேசியக் கல்மரப் பூங்கா என்பதால் சுத்தியலுக்கு அங்கே வேலை இல்லை. மாதிரி சேகரிப்பதாக வரைவில் ஒரு வரி எழுதினாலும் அதுவே நிராகரிக்கப் போதுமான காரணம்.

இடத்துக்கும் பயிற்சிக்கும் பொருந்தாமல் போவதும் அடிக்கடி நடக்கிறது. கடலூர் மணற்கல்லின் அடுக்குகள் மிக மெல்லச் சாய்ந்தவை. அங்கே போய் டிப், அதாவது அடுக்கின் சாய்வுக் கோணம், அளக்கச் சொன்னால், அதை அளக்கக் கையில் பிடிக்கும் கிளினோமீட்டரின் பிழையே சாய்வின் அளவுக்கு வந்துவிடும். செஞ்சிப் பாறைகளின் விரிசல் தளங்களில் அளக்கச் சொன்னால் எண்கள் தெளிவாக வரும். போன் செயலியால் அளப்பதென்றால், காந்தப் பூட்டு வைத்த உறைகளைக் கழற்றச் சொல்லும் வரியும் பணித்தாளில் இருக்கட்டும். இல்லாவிட்டால் திசை அளவீடு ஆளுக்கொன்றாக வரும்.

மைக்ரோஸ்கோப்பே இலக்கு என்றால், முதலில் தின் செக்ஷன்களை, அதாவது ஒளி ஊடுருவும்படி தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டிய பாறைச் சீவல்களை, பாருங்கள். சரியான தடிமன் 0.03 மில்லிமீட்டர். அந்தத் தடிமனில், குறுக்கு நிக்கல்களுக்கு (ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரு ஒளி வடிகட்டிகளுக்கு) இடையே குவார்ட்ஸ் சாம்பல், வெள்ளை, அதிகம் போனால் வெளிர்மஞ்சள் காட்டும். ஆரஞ்சோ சிவப்போ காட்டினால் சீவல் தடித்துவிட்டது என்று பொருள்; மாணவர் குவார்ட்ஸை வேறு கனிமம் என்று படித்துவிடுவார். பணம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு ஸ்லைடையும் பார்த்துவிடுங்கள். 40 பேர் உள்ள வகுப்பில் ஒரு விலையுயர்ந்த மைக்ரோஸ்கோப்பைவிட, நல்ல ஸ்லைடுகளின் இரண்டு செட்டும் 20 கைலென்ஸும் அதிக மாணவர்களைத் தொடும்.

அடுத்தது அரியலூர் ஆசை. அங்குள்ள கிரெட்டேசியஸ் (டைனோசர்களின் கடைசிக் காலத்து) படிவங்களைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் புதுச்சேரியிலிருந்து ஒரே நாளில் போய்வந்தால் பாதி நேரம் சாலையில் போய்விடும், பயணச் செலவும் அந்த ஒரு நாளிலேயே தீர்ந்துவிடும். புதுச்சேரிக்கு அருகே வழுதாவூர் பக்கமே கிரெட்டேசியஸ் இருக்கிறது. அதே பணத்தில் பக்கத்து இடங்களுக்கு மூன்று அரைநாள் பயணம் போகலாம். முதல் பயணத்தில் தப்பாகப் பார்த்ததை மூன்றாவதில் திருத்திக்கொள்ளவும் வாய்ப்பு கிடைக்கும்.

பணம் வருவதற்குள் மழை வந்துவிடுவது புதுச்சேரிக் கரைக்கே உரிய சிக்கல். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மார்ச் 31-இல் நிதியாண்டு முடிவு, அதையடுத்துத் தேர்வுகள். நவம்பரில் களப்பணி என்று கால அட்டவணை போட்டால், இந்த ஊரை அறிந்த மதிப்பீட்டாளர் அங்கேயே நிறுத்திவிடுவார். களத்தை ஜனவரி, பிப்ரவரிக்குத் தள்ளிவையுங்கள். மழையையே பாடமாக்கவும் முடியும்: மழைக்கு முன்னும் பின்னும் கடற்கரையின் குறுக்குவெட்டை அளப்பது. புதுச்சேரித் துறைமுகத் தடுப்புச் சுவருக்குத் தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது, வடக்கே நகரக் கடற்கரை அரிக்கப்பட்டது. கரையோர மணல் பெரும்பாலும் வடக்கு நோக்கி நகர்வதே காரணம். இதற்கு 1.5 மீட்டர் அளவுகோல் கழிகள் இரண்டும் ஒரு கயிறும் போதும். கழிகளை 1.5 மீட்டர் இடைவெளியில் நிறுத்தி, தொடுவானத்தோடு கண்ணைச் சேர்த்து உயர வேறுபாட்டைப் படிக்க வேண்டும். ஈரமணலில் கழி புதைந்தால் கணக்கு கெடும், அதனால் அடியில் தட்டையான பலகை கட்ட வேண்டும். அலை ஏற்ற இறக்க நேரத்தைக் குறிக்காத அளவீடு ஒப்பிட உதவாது. கழிமுகங்களில் இறங்கக் கூடாது என்பதையும் பாதுகாப்புப் பத்தியில் சேருங்கள்.

மதிப்பீட்டுப் பகுதியில்தான் அதிக வரைவுகள் விழுகின்றன. “பயணம் பயனுள்ளதாக இருந்ததா?” என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள், வெளியே போய்வந்த மகிழ்ச்சி அது. ஒரே வினாத்தாளைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் கொடுங்கள். முன் சராசரி 40 விழுக்காடு, பின் 70 என்றால், கூடியது 30, கூடுவதற்கு இருந்த இடம் (100-இல் 40 போக) 60, ஆக முன்னேற்றம் 30/60, அதாவது 0.5. வெறும் 30 புள்ளி என்று எழுதுவதைவிட இது நியாயமான அளவு, ஏனென்றால் 80-இலிருந்து 90-க்குப் போன வகுப்பும் இதே 0.5 தான். முதல் தேர்வைத் தவறவிட்டால் பின்னால் அதை உருவாக்கவே முடியாது. மானிய ஆணைக்குக் காத்திருக்காமல் பருவத்தின் முதல் வாரத்திலேயே நடத்திவிடலாம், அதற்குச் செலவும் இல்லை. வினாக்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். தமிழ்வழியில் படித்து வந்தவர் தடுமாறுவது நிலவியலிலா ஆங்கிலத்திலா என்று அப்போதுதான் பிரித்தறியலாம். 12 பேர் வகுப்பில் விழுக்காடு போட்டு வீங்கவைக்க வேண்டாம், எண்ணிக்கையையும் சில விடைகளையும் அப்படியே காட்டுங்கள். இந்த மதிப்பெண் இன்டர்னலில் சேராது என்று எழுத்தில் சொல்லி மாணவரின் சம்மதம் வாங்குவது கட்டாயம்.

பட்ஜெட்டில் ஜிஎஸ்டி சேர்க்காத கொட்டேஷனைப் போட்டால் வாங்கும்போது பணம் பற்றாது. மத்திய நிதியென்றால் ஜெம் (அரசுக் கொள்முதல்) தளத்தில் கிடைக்கும் பொருளை அங்கேதான் வாங்க வேண்டும், அதற்கும் நாள் ஒதுக்குங்கள். நெய்வேலிச் சுரங்கத்தைக் காட்டும் திட்டமென்றால் முன்அனுமதிக் கடிதம் வரைவோடு இருப்பது நல்லது. பயணத்துக்கு ஒதுக்கியதை ஒப்புதல் இல்லாமல் கருவிக்கு மாற்றினால், ஜிஎஃப்ஆர் (மத்திய அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில் யூசி, அதாவது பணத்தைச் செலவிட்டதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ், எழுதும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள். பேருந்து ரசீதை அன்றே வாங்குங்கள், மார்ச் கடைசி வாரத்தில் எந்த டிராவல்ஸ்காரரும் பழைய தேதியைத் தேடி எழுதித் தரமாட்டார்.